தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால்: ஜப்பானிய ஏற்றுமதிப் பீங்கானின் அழகு யாருடையது?

பழைய இமாரித் தட்டு ஒன்றைக் கையில் வாங்குபவர் முதலில் அதன் முகத்தைத்தான் பார்ப்பார். நடுவில் ஒரு பூச்சாடி, அதிலிருந்து பொங்கி வழியும் சாமந்தியும் பியோனியும், விளிம்பைச் சுற்றிக் கட்டம் கட்டமாக வேறு வேறு படங்கள். எல்லாம் கருநீலம், செங்காவி, பொன் என்ற மூன்று நிறங்களுக்குள். பழம்பொருள் வணிகத்தில் ஊறியவரோ தட்டை வாங்கியதும் கவிழ்த்துவிடுவார். அடிப்புற வளையத்துக்குள் கடுகளவில் மூன்று, நான்கு அல்லது ஐந்து தழும்புகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவுவார். சில தட்டுகளில் அந்தத் தழும்புகளோடு நீல நிறத்தில் ஆறு சீன எழுத்துகளும் இருக்கும். மகா மிங் அரசில் செங்குவா ஆண்டுகளில் செய்தது என்பது அவற்றின் பொருள். செங்குவா பேரரசர் சீனத்தை ஆண்டது 1465 முதல் 1487 வரை. தட்டோ அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பானில் வனையப்பட்டது. இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல பீங்கான் என்றால் அடியில் இந்த எழுத்து இருக்கும் என்பது அன்று கிழக்காசியா முழுவதும் ஊறிப்போன எண்ணம். பொட்டு வைப்பதுபோல வைத்துவிட்டார்கள்.

கொரியக் கைகள், சீன எழுத்து, ஜப்பானியக் கல், டச்சுக் கப்பல், ஐரோப்பிய அரண்மனை. இத்தனை பேர் கூடியிருக்கும் பொருளில் அலங்காரம் யாருடையது என்ற கேள்வி நெடுநாளாக இருக்கிறது. பலரும் சொல்லும் விடை எளிமையானது: உள்நாட்டுக்குச் செய்தவை அடக்கமானவை, ஜப்பானிய மனத்தைக் காட்டுபவை; வெளிநாட்டுக்குச் செய்தவை பகட்டானவை, வாங்குபவனின் ஆசைக்கு வளைந்தவை. தேநீர்க் கிண்ணத்தின் எளிமையை ஜப்பானியக் கலையின் உச்சமாகக் கொண்டாடியவர்கள் இமாரியை இந்தக் கண்ணால்தான் அளந்தார்கள். பொருள்களையும் சூளைகளையும் கணக்கேடுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை இரண்டு பக்கமும் உடைகிறது என்பது என் முடிவு.

முதலில் பெயர். இமாரி இவற்றைச் செய்த ஊர் இல்லை, கப்பலேற்றிய துறைமுகம். காப்பி விளையாத மோக்கா தன் பெயரைக் காப்பிக்குக் கொடுத்ததுபோல, க்யூஷூ தீவின் வடமேற்கில் இருக்கும் இந்தத் துறை தன் பெயரைப் பீங்கானுக்குக் கொடுத்துவிட்டது. செய்த ஊர் அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் உள்ளே, மலைகளுக்கு நடுவே இருக்கும் அரித்தா. அன்றைய ஹிஸென் நாட்டில், நபேஷிமா குறுநில மன்னர்களின் ஆட்சியில் இருந்தது.

ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி 1592லும் 1597லும் கொரியாவின் மீது படையெடுத்தார். திரும்பிய தலைவர்கள் கொரியக் குயவர்களையும் கூட்டி வந்தார்கள். பலரை அவர்கள் விருப்பத்தைக் கேட்காமலே. அவர்களில் ஒருவரான யி சாம்பியோங் 1616இல் அரித்தாவின் இஸுமியாமாவில் பீங்கான் கல்லைக் கண்டெடுத்தார், அதுவே ஜப்பானியப் பீங்கானின் பிறப்பு என்று அந்த ஊர் சொல்கிறது. ஊரின் கோயிலில் அவரும் தெய்வமாக வணங்கப்படுகிறார். கோயிலின் முன் நிற்கும் தோரணவாயிலே பீங்கானால் ஆனது. சூளைகளைத் தோண்டிய ஆய்வாளர்கள் கதையைச் சற்றே திருத்துகிறார்கள். மேற்கு அரித்தாவின் பழைய சூளைகளில் சாதாரண மட்கலங்களோடு கலந்தே பீங்கானும் 1610களில் வெந்திருக்கிறது. ஒரே நாளில், ஒரே ஆளால் நடந்த கண்டுபிடிப்பு என்பதற்கு அங்கே சான்று இல்லை. பேக் பாசோன் என்ற கொரியப் பெண்ணையும் இங்கே சொல்லியாக வேண்டும். கணவர் இறந்தபின் தம் மக்களை ஒரு பெருங்கூட்டமாக அரித்தாவுக்கு அழைத்து வந்து சூளை நடத்தியவர் அவர். 1656இல் மறைந்தார். ஜப்பானியப் பீங்கானின் தாய் என்று அவரை இன்று அழைக்கிறார்கள். வரலாற்று நூல்கள் அவருக்குத் தரும் இடம் இன்னும் குறைவுதான்.

இஸுமியாமாக் கல்லின் குணம் தெரிந்தால் மற்றவை விளங்கும். சீனத்தின் ஜிங்தெசென்னில் வெண்களிமண்ணையும் பீங்கான் கல்லையும் கலந்துதான் மண் பிசைந்தார்கள். இஸுமியாமாவில் கல் ஒன்றே போதும். இடித்து, நீரில் அலசி, வண்டல் எடுத்தால் வனையலாம். இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. சூளை 1300 பாகையை எட்டும்போது அந்த மண் தளர்ந்து, அகலமான தட்டின் நடுப்பகுதி அமிழும். அதைத் தாங்கவே அடியில் சிறு களிமண் முளைகளை நிறுத்தினார்கள். வெந்தபின் தட்டி எடுத்தால் தழும்பு மிஞ்சும். வணிகரின் விரல் தேடும் அந்தக் கடுகளவுத் தழும்புகள் அரித்தாவின் கல் தானே போட்ட கையெழுத்து.

1637இல் நபேஷிமா அரசு ஒரு கடுமையான முடிவெடுத்தது. சூளைகள் காட்டை விறகாகத் தின்றுகொண்டிருந்தன. எண்ணூறுக்கும் மேற்பட்ட ஜப்பானியக் குயவர்களை வேலையிலிருந்து வெளியேற்றி, சூளைகளைக் குறைத்து ஒரே பகுதியில் திரட்டினார்கள். இரக்கமற்ற நடவடிக்கைதான், ஆனால் மட்கலம் சுட்டுவந்த பட்டிக்காட்டுச் சூளைகள் மறைந்து, பீங்கானுக்கு மட்டுமேயான தொழில் ஊர் ஒன்று அதிலிருந்துதான் பிறந்தது. பத்தாண்டுக்குள் எனாமல் வண்ணமும் வந்துவிட்டது. இமாரியைச் சேர்ந்த தோகுஏமோன் என்ற வணிகர் நாகசாகியில் ஒரு சீனருக்குப் பணம் கொடுத்து அந்த வித்தையைக் கற்றதாகவும், அதைச் செய்து பார்த்து வென்றவர் சகாய்தா கிஸாஎமோன் என்றும், 1647இல் முதல் வண்ணக் கலங்கள் நாகசாகியில் விற்றதாகவும் சகாய்தா குடும்ப ஆவணம் கூறுகிறது. கக்கியெமோன் என்ற பட்டப்பெயரை முதலில் தாங்கியவர் இந்தக் கிஸாஎமோன்தான். குடும்பம் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டது என்பதால் அறிஞர்கள் அந்த ஆவணத்தை முழுதாக ஏற்பதில்லை. அதே காலத்தில் வேறு சில சூளைகளிலும் வண்ணம் தீட்டியிருப்பதைச் சில்லுகள் காட்டுகின்றன.

அப்போதுதான் சீனத்தில் இடி விழுந்தது. 1644இல் மிங் அரசு வீழ்ந்தது. தெற்கில் சண்டை ஓயவில்லை. கடலாண்ட செங் செங்கோங்கை ஒடுக்க மஞ்சு அரசு 1656இல் கடல் வணிகத்தைத் தடைசெய்தது. 1661 முதல் கரையோர மக்களையே உள்நாட்டுக்குத் துரத்தியது. ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் சீனப் பீங்கான் வருவது வறண்டுபோனது. நாகசாகியின் டெஷிமாத் தீவில் 1641 முதல் அடைபட்டுக் கிடந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அரித்தாவைத் திரும்பிப் பார்த்தது. 1650இல் வாங்கியது நூற்றைம்பதுகூட இல்லை. 1659இல் கொடுத்த ஒரு கட்டளை ஐம்பதாயிரத்துக்கும் மேல். மலையில் விறகடுப்பு வைத்திருந்த ஊருக்கு அது எப்படிப்பட்ட ஆண்டாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

கட்டளையோடு மாதிரிகளும் வந்தன. பீர்க் குவளை, கடுகுச் சாடி, மருந்துக் குப்பி, எச்சில் கலம், கழுத்தில் பொருந்த விளிம்பில் பிறைபோல் வெட்டிய சவரக் கிண்ணம். வாயால் சொன்னால் புரியாது என்று ஹாலந்தில் மரத்தில் கடைந்து அனுப்பினார்கள். நடுவில் கம்பெனியின் மூன்றெழுத்து முத்திரையும் சுற்றிலும் மாதுளையும் பறவைகளும் தீட்டிய நீலத் தட்டுகள் கம்பெனிக் கோட்டைகளின் சாப்பாட்டு மேசைக்காகவே செய்யப்பட்டவை. கேட்டது மிங் காலத்து நீல வெள்ளைப் பாணியைத்தான். சீனம் தராததை ஜப்பான் தரட்டும் என்பதே முதல் எண்ணம். ஆக ஏற்றுமதியின் முதல் பத்தாண்டில் ஐரோப்பா ஜப்பானிடம் கேட்டது சீனத்தை.

அந்தக் கப்பல்கள் நேராக ஐரோப்பாவுக்குப் போகவில்லை. ஜாவாவின் பட்டாவியாவில் இறக்கி, அங்கிருந்து மோக்காவுக்கும் வங்காளத்துக்கும் இலங்கைக்கும் சோழமண்டலக் கரைக்கும் பிரித்தார்கள். பழவேற்காடும், 1658இல் டச்சுக்காரர் பிடித்த நாகப்பட்டினமும் இந்த வலையின் கண்ணிகள். ஜப்பானியச் செம்பு இங்கே வந்து விற்றது; இங்கத்தியச் சாயத்துணி கிழக்கே போனது. கைவரைவுத் துணியை ஜப்பானியர் சரசா என்று அழைத்து, சின்னத் துண்டையும் தேநீர்க் கலம் பொதிய வைத்துப் போற்றினார்கள். பீங்கான் என்று நாம் சொல்லும் சொல்லும் பாரசீகத்திலிருந்து கடல்வழி வந்ததுதான். ஆனால் இந்தக் கரையில் இறங்கியது சிறு பங்கே. பெரும் பசி ஐரோப்பாவில் இருந்தது.

இனி கக்கியெமோன். இதைப் பார்க்காமல் பகட்டு, அடக்கம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. 1670களில் அரித்தாவின் நங்காவாரா பகுதியில் ஒரு வெள்ளை உருவானது. சாதாரண அரித்தாப் பீங்கானில் மெல்லிய நீலச் சாயல் இருக்கும். இதில் அது இல்லை. பாலாடைபோல வெதுவெதுப்பான வெள்ளை. இதற்கு நிகோஷிதே என்று பெயர். நிகோஷி என்பது அந்த வட்டாரப் பேச்சில் அரிசி கழுவிய நீர். நம் வீட்டுக் கழுநீரின் நிறம். இதைச் செய்வது பெருந்துன்பம். சூளையில் வளையும், வெடிக்கும், புள்ளி விழும். வெந்ததில் தேறியது கொஞ்சம்தான். அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற வெள்ளையை மறைக்க யாருக்கு மனம் வரும்? ஓவியர் ஓரமாக ஒரு கிளையை வளைத்தார், அடியில் இரண்டு காடைகள், தினைக்கதிர் ஒன்று. மீதி பாதிக்கு மேல் வெறுமை. அந்தச் செந்நிறம் கக்கிப் பழத்தின் நிறம் என்பார்கள். நம் பனிச்சைக்கு உறவான மரத்தின் பழம் அது. நீலமும் இங்கே பூச்சுக்கு அடியில் இல்லை. மேலே, எனாமலாக, வானத்தின் ஒளியோடு நிற்கிறது. பூச்சுக்கு அடியில் நீலம் வைத்தால் அந்த வெள்ளைக்குப் பங்கம் என்று அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

ஜப்பானியச் சிக்கனத்துக்கு இதைவிடச் சான்று எதற்கு என்று தோன்றும். ஆனால் இந்த வெற்றிடம் நிறைந்த நிகோஷிதேக் கலங்களில் மிகப் பெரும்பாலானவை ஏற்றுமதிக்கே செய்யப்பட்டவை. உள்நாட்டில் மிஞ்சியவை சில. இங்கிலாந்தின் பர்லி மாளிகையில் 1688இல் எடுத்த சொத்துப் பட்டியலில் ஜப்பானியக் கலங்கள் இடம்பெற்றுள்ளன. மல்யுத்தம் செய்யும் இரு சிறுவர் பொம்மை இன்றும் அங்கே இருக்கிறது. அரசி இரண்டாம் மேரி ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் வைத்திருந்த அறுகோண ஜாடிகளின் வடிவத்துக்கு அந்த அரண்மனையின் பெயரே நிலைத்துவிட்டது. வெறுமையை விரும்பி வாங்கியவர்கள் ஐரோப்பியர்.

மறுபக்கமும் உடைகிறது. பொன்னும் செம்மையும் கொட்டிக் கிடக்கும் இமாரிப் பாணியை ஜப்பானில் கின்ராந்தே என்பார்கள். பொற்சரிகைப் பட்டு என்று பொருள். அதன் மூலம் 16ஆம் நூற்றாண்டு மிங் காலத்துப் பொன்னலங்காரக் கிண்ணங்கள். அவற்றை நெடுநாளாக ஆசையோடு சேர்த்தவர்கள் ஜப்பானியர்தாம். கென்ரோகு என்று சொல்லப்படும் 1688–1704 ஆண்டுகளில் பணம் சேர்ந்த ஒசாகா, எதோ நகரத்து வணிகர்கள் விருந்துக்கு இத்தகைய கிண்ணங்களை விரும்பினார்கள். டச்சுக் கப்பலும் தொப்பி போட்ட டச்சுக்காரரும் தீட்டிய கிண்ணங்கள்கூட அவர்களுக்காகச் செய்தவை. நமக்குப் பட்டணத்துக் காட்சி எப்படியோ அவர்களுக்கு அந்நியக் கப்பல் அப்படி. எனவே பகட்டை வெளிநாட்டவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஏற்றுமதிக்கே போகாத நபேஷிமாக் கலங்களை எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஒகாவாச்சிமலையில் குறுநில அரசு தன் செலவில், ஷோகுனுக்கும் பிரபுக்களுக்கும் பரிசளிக்கச் செய்தவை அவை. அது ஒரு அரசவையின் ரசனை. நாட்டின் ரசனை முழுவதும் ஆகாது.

அப்படியானால் ஏற்றுமதிக் கலத்தைத் தனியே காட்டுவது எது? எவ்வளவு தொலைவிலிருந்து பார்ப்பார்கள் என்பதே என்று எனக்குத் தோன்றுகிறது. ஜப்பானில் கலம் பாயில் அமர்ந்தவரின் கைக்கு வரும். ஒரு சாண் தூரத்தில் கண்ணில் படும். ஐரோப்பாவில் அது அலமாரியின் தலையிலும் கணப்பு மேடையிலும் வாசலுக்கு மேலும் ஏறியது. டானியேல் மாரோ என்ற வடிவமைப்பாளர் சுவரெல்லாம் பீங்கான் அடுக்கிய அறைகளை வரைந்தார். பெர்லினின் சார்லொட்டன்பர்க் அரண்மனையில் 1706இல் அப்படியோர் அறையே எழுந்தது. மூன்று மூடிஜாடி, இரண்டு நெடுங்குவளை என்று ஐந்தைந்தாக வரிசை கட்டி வைத்தார்கள். ஜப்பானிய வீட்டில் அந்த ஐவர் வரிசைக்கு இடமே கிடையாது. கூடத்தின் மறுகோடியிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு இரண்டு காடைகள் தெரியுமா? தெரிய வேண்டுமென்றால் கருநீலப் பட்டைகள் வேண்டும், அவற்றுக்கிடையே வெள்ளைச் சாளரங்கள் வேண்டும், மெழுகுவத்தி வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பித் தரப் பொன் வேண்டும்.

நெருப்பும் அதற்கு ஒத்துழைத்தது. கோபால்ட் நீலத்தைப் பூச்சிடாத மண்மேல் தீட்டி, கண்ணாடிப் பூச்சு பூசி, பெருந்தீயில் சுட்டால் நீலம் இளகிக் கரைமீறும். அகலமான பட்டைகளாகத் தடவினால் கசிவு குற்றமாகத் தெரியாது. அதன்பின் சிவப்பையும் பொன்னையும் அதன்மேல் தீட்டி, எண்ணூறு பாகையை ஒட்டிய மெல்லிய தீயில் மறுபடி சுட வேண்டும். நீலத்தின் கலங்கிய விளிம்பை மேலோடும் பொன்கோடு நேராக்கிவிடும். இந்த இரண்டாம் வேலை சூளைக்காரர்களுடையது இல்லை. அகாஎமச்சி என்ற தெருவில், அரசு உரிமம் பெற்ற சில குடும்பங்களே வண்ணம் தீட்டலாம். வித்தை வெளியே போகக் கூடாது என்பதற்காக அவர்களை ஒரே தெருவில் வைத்தார்கள். ஆக இமாரியின் நிறைவு ஓர் ஆசையிலிருந்து மட்டும் வந்ததில்லை. கசியும் நீலமும், தெருவாரியாகப் பிரிந்த தொழிலும், உயரமான அலமாரியும் சேர்ந்து நெய்தது அது.

ஐரோப்பா இதை எப்படி வாசித்தது என்பது தனிக் கதை. மூங்கிலடியில் நிற்கும் மஞ்சள் புலி ஜெர்மனியின் மைசென் ஆலையில் மஞ்சள் சிங்கம் ஆயிற்று. காடைகள் இங்கிலாந்தின் போ ஆலையில் கௌதாரி ஆயின. தண்ணீர்த் தாழியில் விழுந்த நண்பனைக் காப்பாற்றக் கல்லால் தாழியை உடைத்த சீனச் சிறுவன் சிமா குவாங், செல்சியில் கிணற்றில் விழுந்த ஹாப் என்ற நாட்டுப்புறத்தான் ஆனான். பிழைகள்தான், ஆனால் வரையும் கை அசையவில்லை. கிளையின் வளைவையும் வெள்ளையின் அளவையும் அவர்கள் எவ்வளவு மரியாதையோடு பின்பற்றினார்கள் என்று பார்த்தால் பெயர்ப் பிழை சின்னதாகிவிடும். 1710இல் மைசென்னைத் தொடங்கிய சாக்சனி மன்னர் அகஸ்டஸ், கீழைப் பீங்கானை இருபதாயிரத்துக்கு மேல் சேர்த்தவர். அதற்கென்றே டிரெஸ்டனில் ஜப்பானிய அரண்மனை. அவருடைய கக்கியெமோன் கலங்களை இரவல் வாங்கி, மைசென்னில் அச்சாக நகலெடுக்கச் செய்து, முத்திரையில்லாமல் வாங்கிப் பாரிஸில் ஜப்பானியச் சரக்கென்றே விற்றார் லெமேர் என்ற பாரிஸ் வணிகர். 1731இல் பிடிபட்டார். அவரோடு கூட்டாக இருந்த அமைச்சர் ஹோயிமும் பதவியிழந்தார். ஒரு நகல் அசலாக விலைபோன அளவுக்கு அந்தப் பாணி ஐரோப்பியக் கைக்குள் வந்துவிட்டது.

சீனமும் சும்மா இருக்கவில்லை. 1684இல் கடல் தடை நீங்கியதும் ஜிங்தெசென் திரும்பி வந்து, ஜப்பானிய இமாரியையே நகலெடுத்து மலிவாக விற்றது. அதற்குச் சீன இமாரி என்று பெயர். இவ்விரண்டையும் பிரிக்கும்போதுதான் கவிழ்த்துப் பார்ப்பதன் அருமை தெரியும். சீனத் தட்டில் முளைத் தழும்பு இராது. உடல் மெல்லியதாக, நீலம் வெளிறியதாக இருக்கும். 1685 முதல் ஜப்பானே டச்சு வணிகத்துக்கு உச்சவரம்பு விதித்தது. 1715க்குப் பின் ஆண்டுக்கு இரண்டே கப்பல். விலை கூடியது, வாங்குவது குறைந்தது. 1730களில் கம்பெனிக்காகக் கொர்னெலிஸ் ப்ரோங்க் வரைந்த குடைப்பிடித்த சீமாட்டி ஓவியம் அரித்தாவுக்கும் வந்து சேர்ந்தது. அங்குள்ள ஓவியர் அந்தப் பெண்ணுக்குக் கிமோனோ உடுத்திவிட்டார். என் கண்ணுக்கு இது இந்த வரலாற்றிலேயே மிகத் துணிவான தூரிகை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கம்பெனியின் கொள்முதல் நின்றுபோயிற்று.

எண்ணிக்கைகளுக்கு நாம் பெரிதும் நம்புவது 1954இல் வோல்கர் வெளியிட்ட கம்பெனிக் கணக்குகளை. அவை அரிய சுரங்கம். ஆனால் கம்பெனி ஊழியர் தம் சொந்தப் பெட்டியில் ஏற்றிய சரக்கு அதில் முழுதாகப் பதிவாகவில்லை. சீனப் படகுகள் கொண்டுபோனதும் பெரும்பகுதி விடுபட்டது. கம்பெனி வாங்கியதில் நீல வெள்ளையே மிகுதி. ஐரோப்பிய அரண்மனைகளை அலங்கரித்த விலையுயர்ந்த வண்ணக் கலங்கள் பெரும்பாலும் இந்தத் தனிப் பெட்டிகளில் வந்தவை என்ற கருத்தை நான் ஏற்கிறேன். ரசனை வரலாற்றைக் கணக்கேட்டிலிருந்து மட்டும் எழுத முடியாது.

சில்லுகளும் பேசுகின்றன. அடர் பச்சையும் மஞ்சளும் ஊதாவும் தீட்டிய பழங்குதானி என்னும் கலங்கள் வடக்கே காகா நாட்டில் பிறந்தவை என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1970களில் அரித்தாவின் யமபேதாச் சூளைகளைத் தோண்டியபோது அதே வகைச் சில்லுகள் வந்தன. விவாதம் முழுதாக ஓயவில்லை என்றாலும், அவற்றில் மிகப் பலவற்றை அரித்தாவுக்கே உரியவை என்று இன்று கொள்கிறார்கள். தோண்டத் தோண்ட அந்தச் சிறிய மலையூர் பெரிதாகிக்கொண்டே போகிறது.

19ஆம் நூற்றாண்டின் மறு எழுச்சி வேறு உலகம். 1867 பாரிஸ் கண்காட்சியில் நபேஷிமாக்களின் சாகா அரசு தானே கடை விரித்தது. 1870இல் கோட்ஃபிரீட் வாகெனர் என்ற ஜெர்மானியர் அரித்தாவுக்கு வந்து ஆலைக் கோபால்ட்டையும் நிலக்கரிச் சூளையையும் காட்டினார். பின்னர் நகோயாவில் செய்த நோரிதாகே மேசைக் கலங்கள் அமெரிக்க வீடுகளை நிறைத்தன. பிறந்த நாட்டைப் பொறிக்க வேண்டும் என்ற 1890ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தால், 1891 முதல் 1921 வரையான கலங்களின் அடியில் நிப்பான் என்ற எழுத்தைக் காணலாம்.

நிகோஷிதே 18ஆம் நூற்றாண்டிலேயே கைவிட்டுப் போயிருந்தது. பன்னிரண்டாம் கக்கியெமோனும் அவர் மகனும் பழைய குறிப்புகளோடும் கெட்டுப்போன சூளைகளோடும் போராடி 1953இல் அதை மீட்டார்கள். அதே தலைமுறையில் ஜப்பானியர் ஐரோப்பாவின் ஏலக்கூடங்களுக்குப் போய், முன்னோர் விற்றதை விலைகொடுத்துத் திரும்ப வாங்கத் தொடங்கினார்கள். அரித்தாவிலுள்ள க்யூஷூ பீங்கான் அருங்காட்சியகத்தில் இருக்கும் கன்பரா தொகுப்பு அப்படி ஐரோப்பாவில் திரட்டி, ஊருக்கே கொடையாகத் தரப்பட்டது. உள்ளூரில் வனைந்தும் உள்ளூரார் யாரும் மூன்று நூற்றாண்டாகப் பார்த்திராத ஆளுயர ஜாடிகள் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. இப்படித் திரும்பிய கலங்களை ஜப்பானியர் சாதோகாஎரி என்கிறார்கள். கட்டிக்கொடுத்த பெண் முதன்முறை தாய்வீடு வருவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. நாம் மறுவீடு என்போம்.